சாத்தனூர் மரத்துக்கு முன்னாடியே கிளம்பின வெளிச்சம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு பெரம்பலூர்ல ஆரம்பிச்சு, ஊட்டி போய், லடாக்ல முடியும். நடுவுல கொஞ்ச நேரம் கங்கைகொண்ட சோழபுரத்துல நிப்போம். ஆனா விஷயம் இந்த ஊர்கள்ல எதைப் பத்தியும் கிடையாது. 42 கோடி வருஷம் பயணம் பண்ணி, 2010 பிப்ரவரியில பூமிக்கு வந்து சேர்ந்த ஒரு வெளிச்சத்தைப் பத்தி. அது வந்தப்போ நம்ம நாட்டுல யார் முழிச்சிருந்தாங்க, அவங்க அங்க போய்ச் சேர எத்தனை வருஷம் ஆச்சு என்பதுதான் கதை.

முதல்ல ஒரு ஸ்கேல்

கோடி வருஷம்னு சொன்னா மூளைக்குள்ள எதுவுமே ஓடாது. அதனால அளக்க ஒரு பொருள் எடுத்துக்குவோம்.

பெரம்பலூர் மாவட்டத்துல சாத்தனூர்னு ஒரு ஊர். அங்க கல்லா மாறிப்போன ஒரு மரம் படுத்திருக்கு. நீளம் சுமார் 18 மீட்டர். 1940ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பத்திப் பதிவு பண்ணினார். இன்னைக்கு அது தேசியக் கல்மரப் பூங்கா. பொதுவா சொல்ற வயசு சுமார் 12 கோடி வருஷம். அந்தக் காலத்துல பெரம்பலூர், அரியலூர் பக்கம் கடல் இருந்தது. காரை கிராமத்துச் செம்மண் மேடுகள்ல இன்னமும் கடல் உயிரினங்களோட ஓடுகள் கிடைக்குது. அரியலூர்ல இவ்வளவு சிமெண்ட் ஆலைகள் இருக்குறதுக்குக் காரணமும் அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான். 19ஆம் நூற்றாண்டுல இங்க ஆய்வு பண்ணின பிளான்ஃபோர்ட், ஒரு பாறைத் தொகுதிக்கு 'அரியலூர்'னே பேர் வச்சார். இன்னைக்கும் புவியியல் புத்தகங்கள்ல அதே பேர்தான்.

இப்போ வானத்துக்கு வருவோம். சப்தரிஷி மண்டலம் இருக்கே, அந்தப் பகுதியில மார்கேரியன் 421னு ஒரு கேலக்ஸி இருக்கு. ஆர்மீனிய வானியலாளர் பெஞ்சமின் மார்கேரியன் போட்ட பட்டியல்ல 421ஆவது எண். அங்கிருந்து வெளிச்சம் நமக்கு வர சுமார் 42 கோடி வருஷம் ஆகும்.

அதாவது இன்னைக்கு நமக்கு வர்ற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பினப்போ சாத்தனூர் மரம் கிடையாது. மரம்ங்கிற விஷயமே பூமியில கிடையாது. ஈரமான ஓரங்கள்ல விரல் உயரத்துக்குச் சின்னச் சின்னச் செடிகள், அவ்வளவுதான். முதல் காடுகள் வர இன்னும் மூணு கோடி வருஷத்துக்கு மேல ஆகணும். சாத்தனூர் மரம் வளர்ந்து நின்னப்போ, இந்த வெளிச்சம் எழுபது சதவீதத் தூரத்தைத் தாண்டியிருந்தது. இந்த ஸ்கேலை மனசுல வச்சுக்கோங்க.

நட்சத்திரம்னு நினைச்சாங்க, 39 வருஷம்

மார்கேரியன் 421 ஒரு 'பிளாசர்'. பிளாசர்னா என்ன? அந்தப் பேர் வந்த கதையைச் சொன்னாலே பாதி புரிஞ்சிடும்.

1929ல குனோ ஹாஃப்மைஸ்டர்ங்கிற ஜெர்மன் வானியலாளர், பல்லி மண்டலத்துல வெளிச்சம் ஏறி இறங்குற ஒரு புள்ளியைக் கண்டுபிடிச்சார். நம்ம கேலக்ஸியில இருக்குற ஏதோ ஒரு மாறும் நட்சத்திரம்னு நினைச்சு, பி.எல். லசெர்ட்டேன்னு பட்டியல்ல சேர்த்தாங்க. 39 வருஷம் அது நட்சத்திரமாவே இருந்தது. 1968ல ஜான் ஷ்மிட், இந்தப் புள்ளியும் வானத்துல தெரிஞ்ச ஒரு வலுவான ரேடியோ மூலமும் ஒன்னுதான்னு காட்டினார். நட்சத்திரம் அப்படியெல்லாம் ரேடியோ அலை அனுப்பாது. அப்புறம்தான் அது வேற ஒரு கேலக்ஸியோட மையம்னு தெரிஞ்சது. 1978ல பிட்ஸ்பர்க்ல நடந்த மாநாட்டுல, எட் ஸ்பீகல் 'பி.எல். லசெர்ட்டே'வையும் 'குவாசார்'ஐயும் ஒட்டி 'பிளாசர்'னு வேடிக்கையா ஒரு பேர் சொன்னார். அதுவே நிலைச்சிடுச்சு.

உள்ள நடக்குறது இதுதான். கேலக்ஸி நடுவுல, சூரியனைப் போலப் பல கோடி மடங்கு எடையுள்ள கருந்துளை. அதைச் சுத்தி விழுற பொருள்ல ஒரு பங்கு, ரெண்டு பக்கமும் குழாய்ல பீய்ச்சின மாதிரி, கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துல வெளிய பாயுது. இதுதான் ஜெட். அந்த ஜெட் நேரா நம்ம பக்கம் பார்த்துட்டு இருந்தா அது பிளாசர்.

திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில பெரம்பலூர் கிட்ட ராத்திரி நின்னு பாருங்க. தூரத்துல பக்கவாட்டுல போற பஸ் ஒரு மங்கலான பெட்டி மாதிரி தெரியும். அதே பஸ் உங்களுக்கு நேரா வந்தா ஹெட்லைட் மட்டும்தான் தெரியும், கண் கூசும். ரெண்டும் ஒரே பஸ். ஜெட் விஷயத்துல இன்னொன்னும் சேருது. ஒளிவேகத்துக்குப் பக்கத்துல நம்மளை நோக்கி வர்ற பொருளோட வெளிச்சம் பல மடங்கு கூடித் தெரியும், மாற்றங்களும் வேகமா நடக்குற மாதிரி தெரியும். ஐன்ஸ்டைனோட சார்பியல் விளைவு.

ஊட்டியில பக்கவாட்டுல பார்த்தவங்க

பஸ்ஸைப் பக்கவாட்டுல பார்க்குற வேலையில தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970ல ஊட்டி பக்கத்துல முத்தோரையில கோவிந்த் ஸ்வரூப் தலைமையில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டி முடிச்சுது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இதுல ஒரு அழகான யோசனை இருக்கு. அது நிக்குற மலைச்சரிவு வடக்கு-தெற்கா சுமார் 11 டிகிரி சாய்ஞ்சிருக்கு. ஊட்டியோட அட்சரேகையும் 11 டிகிரி. அதனால தொலைநோக்கியோட நீள அச்சு பூமி சுழலுற அச்சுக்கு இணையா அமைஞ்சிடுது. மெதுவா ஒரே திசையில உருட்டினா போதும், ஒரு பொருளை மணிக்கணக்கா விடாம பின்தொடரலாம்.

பெரம்பலூரும் அரியலூரும் அதே 11 டிகிரியிலதான் இருக்கு. ஊட்டிக்கு நேர் கிழக்கே ஒரு கோடு போட்டா கிட்டத்தட்ட அங்கதான் வந்து சேரும். முத்தோரை மேல கடந்து போற அதே வானம்தான், கொஞ்ச நிமிஷம் முன்னாடி அரியலூர் மேலயும் கடந்து போகுது. சமவெளியில அந்த 11 டிகிரி சரிவு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்குற கணத்தை வச்சு, அந்த மூலம் எவ்வளவு பெருசுன்னு ஊட்டியில அளந்தாங்க. நூத்துக்கணக்குல ரேடியோ கேலக்ஸிகள், குவாசார்கள். 1975ல விஜய் கபாஹியும் ஸ்வரூப்பும் இந்தத் தரவுகளை வச்சு, பிரபஞ்சம் எப்பவும் ஒரே மாதிரி இருந்ததுங்கிற 'நிலைத்த பிரபஞ்சம்' கொள்கைக்கு எதிரா ஒரு முக்கியமான சான்றைக் காட்டினாங்க. அந்த ரேடியோ கேலக்ஸிகள்ல பலதும், வேற கோணத்துல பார்த்தா பிளாசரா தெரிஞ்சிருக்கும்.

இது எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்ச ஊட்டி கதை. தெரியாத கதை அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1969ல ஆரம்பிக்குது.

சர்ச்லைட்டைத் திருப்பி வச்சாங்க

பிளாசர் வெடிக்கிறப்போ அதோட உச்ச ஆற்றல் காமா கதிரா வரும். காமா கதிர் தரைக்கு வராது. வளிமண்டலத்துல மோதி, துகள்களோட ஒரு சாரலா உடைஞ்சிடும். ஆனா அந்தத் துகள்கள் காத்துல ஒளி போற வேகத்தைவிட வேகமா ஓடுறதால, லேசான நீல வெளிச்சம் ஒன்னு வரும். செரன்கோவ் ஒளின்னு பேர். சில நானோ வினாடிதான் இருக்கும். நானோ வினாடின்னா ஒரு வினாடியில நூறு கோடியில ஒரு பங்கு. நிலா இல்லாத, மேகம் இல்லாத ராத்திரியில, கண்ணாடி வச்சு அந்த மின்னலைப் பிடிக்கணும்.

1967ல பல்சார்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1968ல நண்டு நெபுலாக்குள்ள ஒரு பல்சார் இருக்குன்னு தெரிஞ்சது. அடுத்த வருஷமே, 1969ல, டாடா நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் குழு ஊட்டியில வேலையை ஆரம்பிச்சிடுச்சு. பி.வி. ஸ்ரீகண்டன், பி.வி. ரமண மூர்த்தி இவங்கெல்லாம் அந்தக் குழு. கருவி என்ன தெரியுமா? 90 செ.மீ. விட்டமுள்ள ரெண்டு சர்ச்லைட் கண்ணாடிகள். வானத்துக்கு வெளிச்சம் அடிக்கிறதுக்குச் செஞ்ச கண்ணாடியை, வானத்துல இருந்து வெளிச்சம் வாங்குறதுக்குத் திருப்பி வச்சாங்க. வருஷம் போகப் போக கண்ணாடிகளோட எண்ணிக்கை கூடுச்சு.

பிரச்சினை என்னன்னா, அதே மாதிரி நீல மின்னலைச் சாதாரண காஸ்மிக் கதிர்களும் உண்டாக்கும். ஒரு காமா கதிர் வர்ற நேரத்துல அது ஆயிரக்கணக்குல வரும். நம்ம பாஷையில சொன்னா, லாக் ஃபைல் முழுக்க தேவையில்லாத வரிகள், உங்களுக்கு வேண்டியது ஆயிரத்துல ஒன்னு, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி.

பல்சாரா இருந்தா ஒரு வழி உண்டு. நண்டு பல்சார் வினாடிக்குச் சுமார் 30 தடவை சுத்துது. ஒவ்வொரு மின்னலுக்கும் நேர முத்திரை குத்தி, அந்த நேரத்தைச் சுழற்சிக் காலத்தால மாடுலோ போடுங்க. தேவையில்லாதது எல்லாப் பக்கமும் சமமா பரவிடும். பல்சார்ல இருந்து வந்தது மட்டும் ஒரே இடத்துல குவியணும். ஊட்டிக் குழு பல்சார்களைத் தேடினது இந்த நம்பிக்கையிலதான்.

பிளாசருக்கு அந்தத் தாளம் கிடையாது. எப்போ வெடிக்கும்னு அட்டவணை இல்ல. ஒரு தடவை வரும், போயிடும். ரீப்ளே கிடையாது. அதனால ஊட்டி வானத்துல மார்கேரியன் 421 எத்தனையோ ராத்திரி கடந்து போயிருந்தாலும், அந்தக் கண்ணாடிகளுக்கு அதைத் தனியா பிரிச்சுக் காட்டுற வழி இல்ல.

1969ல இருந்து 1986 வரைக்கும், 17 வருஷம். உலகமே ஏத்துக்கிட்ட ஒரு கண்டுபிடிப்புன்னு அந்த 17 வருஷத்துல ஒன்னும் வரல. இதை மூடி மறைக்க வேண்டியதில்ல. அந்தக் காலத்துல உலகம் முழுக்க இந்தத் துறையோட நிலைமை அதுதான். ஒரு குழு பார்த்ததா சொல்லும், அடுத்த குழுவால உறுதி பண்ண முடியாது.

கங்கைகொண்ட சோழபுரத்து யூனிட்

நண்டு நெபுலா பத்தி ஒரு நிமிஷம். இந்தத் துறையில வெளிச்சத்தை அளக்குற யூனிட்டே அதுதான். 'நேத்து ராத்திரி ஒரு பிளாசர் 5 க்ராப் போச்சு'ன்னு சொன்னா, நண்டு நெபுலாவைவிட அஞ்சு மடங்கு பிரகாசம்னு அர்த்தம். நம்ம ஊர்ல 'ஒரு ஆள் உயரம்'னு சொல்ற மாதிரி.

அந்த நெபுலா ஒரு நட்சத்திரம் வெடிச்ச மிச்சம். வெடிப்போட வெளிச்சம் பூமிக்கு வந்தது 1054 ஜூலை. சீன வானியலாளர்கள் எழுதி வச்சிருக்காங்க: 23 நாள் பகல்லயே தெரிஞ்சது, ராத்திரியில கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்.

1054ல சோழர்களோட தலைநகரம் எது? இன்னைக்கு அரியலூர் மாவட்டத்துல இருக்குற கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. 1052-54 வாக்குலதான் கொப்பம் போர். ராஜாதிராஜன் யானை மேலயே கொல்லப்பட, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்துலயே முடிசூட்டிக்கிட்டான். அதே காலத்துல, அந்த ஊர் மேல இருந்த வானத்துல, ரிஷப ராசிப் பக்கம், விடியறதுக்கு முன்னாடி கிழக்க ஒரு புது வெளிச்சம் நின்னுட்டு இருந்தது. இன்னைக்கு அரிசோனாவோ ஆப்பிரிக்காவோ, எங்க ஒரு பிளாசரை அளந்தாலும், அந்த 1054 நட்சத்திரத்தோட மிச்சத்தை வச்சுத்தான் ஒப்பிடுறாங்க.

37 பிக்சல்

இந்தச் சிக்கல் அவிழ்ந்த இடம் அரிசோனா. விப்பிள் ஆய்வகத்துல 10 மீட்டர் செரன்கோவ் தொலைநோக்கியை 1968ல கட்டினாங்க. ஊட்டிக்கு ஒரு வருஷம் முன்னாடி. எவ்வளவோ பெரிய கண்ணாடி. அவங்களுக்கும் இருபது வருஷம் உறுதியா ஒன்னும் கிடைக்கல. அப்புறம் ஒரு மாற்றம் பண்ணினாங்க. மின்னல் வந்ததா, இல்லையான்னு மட்டும் பார்க்காம, அது என்ன வடிவத்துல இருக்குன்னு படம் எடுத்தாங்க. கேமராவுல மொத்தம் 37 பிக்சல். ஆமாம், முப்பத்தேழு. காமா கதிரோட மின்னல் ஒல்லியான நீள்வட்டமா, மூலத்தைச் சுட்டுற மாதிரி இருக்கும். காஸ்மிக் கதிரோடது கலைஞ்சு கிடக்கும்னு 1985ல பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் ஹில்லாஸ் கணினி மாடல் போட்டுக் காட்டினார். 1989ல ட்ரெவர் வீக்ஸ் குழு நண்டு நெபுலாவை உறுதி பண்ணிச்சு. பாருங்க, கண்ணாடி அதேதான். மாறினது கேமராவும் ஃபில்டரும்.

அதுக்கப்புறம் வேகம். 1991ல விண்வெளிக்குப் போன காம்ப்டன் ஆய்வகம், அந்த வருஷம் ஜூன்ல 3சி 279ங்கிற பிளாசர் காமா கதிர்ல பொங்குறதைப் பார்த்தது. அந்த வெளிச்சம் கிளம்பி 500 கோடி வருஷத்துக்கு மேல. அப்போ பூமியே உருவாகல. 1992ல விப்பிள், மார்கேரியன் 421ஐப் பிடிச்சது. 1996 மே மாசம் அதே கேலக்ஸி சுமார் அரை மணி நேரம் மட்டும் ஒரு வெடிப்பு வெடிச்சது. 2006 ஜூலையில நமீபியாவுல இருக்குற ஹெஸ் தொலைநோக்கிகள், பி.கே.எஸ். 2155-304ங்கிற பிளாசரைப் பார்த்தப்போ, சுமார் 200 வினாடியில பிரகாசம் ரெட்டிப்பாச்சு.

இந்த 200 வினாடி ஏன் பெரிய விஷயம்? ஒரு பொருள் முழுசும் பிரகாசமாகணும்னா, அதோட ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ஒளி போற நேரமாவது ஆகும். 200 வினாடியில ஒளி போறது 6 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்துல பாதிகூட இல்ல. ஆனா அங்க இருக்குற மாதிரி கருந்துளையைக் கடக்கவே ஒளிக்கு மணிக்கணக்கு ஆகும். அப்போ வெடிப்பு நடந்த இடம் கருந்துளையைவிடச் சின்னதா? இல்ல, ஜெட் நாம நினைச்சதைவிடப் பயங்கர வேகத்துல நம்மளை நோக்கி வருதா? இந்தக் கேள்வி இன்னும் முழுசா தீரல. ஒரு கேலக்ஸியோட நடுவுல என்ன நடக்குதுங்கிறதுக்கு நமக்குக் கிடைக்குற துப்பு இந்த மாதிரிச் சில நிமிஷங்கள்தான். அந்த நேரத்துல யாரும் பார்க்கலைன்னா அது போனது போனதுதான்.

கண்ணாடி மலை ஏறுது

ஊட்டிக் குழு என்ன ஆச்சு? 1986ல மத்தியப் பிரதேசத்துல பச்மரிக்கு இடம் மாறினாங்க. அங்க கண்ணாடிகளைப் பரந்த இடத்துல நட்டு, மின்னல் ஒவ்வொரு கண்ணாடிக்கும் எத்தனை நானோ வினாடி வித்தியாசத்துல வருதுன்னு அளந்து திசை கண்டுபிடிக்குற முறையை வளர்த்தாங்க. இன்னொரு பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம், மவுண்ட் அபுல டாக்டிக் தொலைநோக்கியை வச்சு, 1997ல மார்கேரியன் 501 பொங்கினப்போ அதைப் பதிவு பண்ணிச்சு.

அப்புறம் லடாக். ஹான்லே, 4,270 மீட்டர் உயரம். காத்து மெலிசு, வானம் இருட்டு. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனமும் டாடா நிறுவனமும் சேர்ந்து, 2008ல ஹாகர்ங்கிற வரிசையை முழுசா இயக்க ஆரம்பிச்சாங்க. ஏழு தொலைநோக்கி, ஒவ்வொன்னுலயும் ஏழு கண்ணாடி. ஒரு கண்ணாடியோட விட்டம் 90 செ.மீ. ஊட்டியில 1969ல வச்ச அதே அளவு.

2010 பிப்ரவரி. மார்கேரியன் 421 பொங்குது. ஹாகர் பிப்ரவரி 13ல இருந்து 19 வரைக்கும் அதைப் பார்க்குது. 17ஆம் தேதி உச்சம், ஆறேழு க்ராப் அளவுக்கு. அதே வெடிப்பை அரிசோனாவுல வெரிட்டாஸும் பிடிச்சது. அரிசோனாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்க பகலா இருக்குறப்போ இங்க ராத்திரி. ஒரு வெடிப்போட முழுக் கதையும் வேணும்னா, ரெண்டு பக்கமும் ஆள் இருக்கணும். நான் வேலையில ஆன்-கால் பார்க்குறவன். ஷிஃப்ட் மாத்தி ஒப்படைக்க மறுபக்கம் ஆள் இல்லைன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். உலக வரைபடத்துல இந்தத் தீர்க்கரேகையில ஹான்லே அந்த மறுபக்கத்து ஆள்.

2024 அக்டோபர்ல அதே ஹான்லேல மேஸ் தொலைநோக்கியைத் திறந்து வச்சாங்க. 21 மீட்டர் விட்டம், ஆசியாவிலேயே இந்த வகையில பெருசு. ரெண்டு சர்ச்லைட் கண்ணாடியில இருந்து அங்க வர 55 வருஷம்.

அந்த 17 வருஷத்தை என்ன பண்றது?

ஊட்டியில போன அந்த 17 வருஷம் வீணா? நம்ம துறையில ரிலீஸ் ஆகாத ப்ராஜெக்ட்டை ரெஸ்யூமேல இருந்தே எடுத்துடுவோம். அறிவியல் வரலாறும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுது. 1989ல விப்பிள், 1992ல மார்கேரியன் 421, அவ்வளவுதான் புத்தகத்துல. ஆனா ஹான்லேக்கு அந்த வேலை திடீர்னு போகல. பனியில கண்ணாடி துடைக்கிறது, நானோ வினாடிக் கடிகாரம் கட்டுறது, நிலா இல்லாத ராத்திரிகளை எண்ணிக் காத்திருக்கிறது, எது சிக்னல் இல்லைன்னு நேர்மையா சொல்றது எல்லாம் ஊட்டியில பழகின கைகள் வழியா பச்மரிக்குப் போச்சு, அங்கிருந்து லடாக் போச்சு. 42 கோடி வருஷம் வந்த வெளிச்சத்தைப் பிடிக்க, கத்துக்கிறதுக்கு ஒரு தலைமுறை ஆனா அது அதிகம்னு எனக்குத் தோணல.

ஏப்ரல், மே மாசத்துல ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு வடக்குப் பக்கம் பாருங்க. சப்தரிஷி மண்டலம் தெரியும். மார்கேரியன் 421 அந்தப் பக்கம்தான் இருக்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. சாத்தனூர் போறவங்க மரத்தைப் பார்த்துட்டு, இருட்டுற வரைக்கும் அந்தப் பக்கமே கொஞ்சம் இருங்க. நகரத்துல கிடைக்காத வானம் அங்க இன்னும் இருக்கு.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.